கடிகாரத்துக்குச் சாதி தெரியாதா?

"விளையாட்டுல இடஒதுக்கீடு கேப்பியா? அங்க கடிகாரம்தான் பேசும். அதுக்குச் சாதி தெரியாது." ஆய்வு மாணவர் விடுதியில் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்குக் காலத்திலும் கேட்ட அதே 'தகுதி, திறமை' வாதம்தான். இப்போது விளையாட்டு உடை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சரி, கடிகாரத்தை மட்டுமே நம்பும் ஒரு விளையாட்டையே எடுத்துக்கொள்வோம்: பனிச்சறுக்கு.

ஆரணியில் பிறந்த எனக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான். ஆனாலும் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரரான ஆரிஃப் கான் சறுக்கி இறங்கியதைக் கைபேசியில் பார்த்தேன். காஷ்மீர்க்காரர். அவருடைய அப்பா குல்மார்க்கில் பனிச்சறுக்குக் கருவிகள் கடை வைத்திருப்பவர். நான்கு வயதில் சறுக்கக் கற்ற ஆரிஃப், 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டில் இரண்டு தங்கம் வென்றார். 2018 ஒலிம்பிக்குக்குத் தயாராகப் பொதுமக்களிடம் நிதி கேட்டார். போதிய பணம் சேரவில்லை, வாய்ப்பு கைநழுவியது. பெய்ஜிங்கின் ஜயண்ட் ஸ்லாலம் போட்டியில் அவருக்கு 45ஆவது இடம். தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட்டுக்கு 2 நிமிடம் 9.35 நொடி; ஆரிஃபுக்கு 2 நிமிடம் 47.24 நொடி.

இந்த 38 நொடியைக் காட்டி, திறமை இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? பனியும் கடையும் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தவருக்கே பயிற்சிக்கு ஐரோப்பா போகப் பணமில்லை. அவர் ஊரில் கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை அந்தக் கடிகாரத்தின் முன் வந்து நிற்கவே முடியாது. வராதவரின் நேரத்தைக் கடிகாரம் குறிப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. பனிச்சரிவில் ஒவ்வொருவர் இறங்கும்போதும் தடம் அறுபட்டுப் பள்ளம் விழும். முன்னால் இறங்குபவருக்கு வழுவழுப்பான பாதை; தரவரிசையில் பின்னால் இருப்பவருக்குக் கிழிந்த பாதை. இதை அந்த விளையாட்டின் விதியே ஒப்புக்கொள்கிறது. ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம் இரண்டிலும் இரு சுற்றுகள் உண்டு. முதல் சுற்றில் 30ஆவதாக வந்தவர் இரண்டாம் சுற்றில் முதலில் இறங்குவார். முதலிடம் பிடித்தவர் 30ஆவதாக இறங்குவார். இதனால் தங்கத்தின் மதிப்பு குறைந்துவிட்டதாக யாரும் அழுவதில்லை. ஆனால் 30க்கு வெளியே நிற்கும் ஆரிஃப் போன்றவர்களுக்கு அந்த விதியும் உதவாது.

என் அப்பா கூலிக்குத் தறி நெய்தார். விடிந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து தார் சுற்றிவிட்டுத்தான் நான் பள்ளிக்கு ஓடுவேன். நண்பரின் வீட்டில் தாத்தா காலத்து நூலகம் இருந்தது. நுழைவுத் தேர்வில் இருவருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே மூன்று மணி நேரம். கடிகாரம் பொய் சொல்லவில்லைதான். ஆனால் அது ஓட ஆரம்பித்தது அந்த அறைக்குள்தான். எங்கள் இருவரின் ஓட்டமும் மூன்று தலைமுறைக்கு முன்பே தொடங்கிவிட்டது.

எனக்கு இடஒதுக்கீடு கிடைத்தது, நுழைந்தேன். என்னோடு தார் சுற்றிய தெருப் பிள்ளைகளில் பலர் பத்தாம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கிவிட்டார்கள். அவர்களுக்கு வாசலில் கிடைக்கும் இடம் மட்டும் போதாது. வாசல்வரை வந்து சேர வழி வேண்டும். சோறு போடும் விடுதி வேண்டும், மாதாமாதம் தவறாமல் வரும் உதவித்தொகை வேண்டும். உதவித்தொகை ஆறு மாதம் தாமதமானால் ஆய்வை விட்டுவிட்டு வேலை தேடிப் போகிறவர் யார் என்பது நமக்குத் தெரியும்.

தோழர்களே, அடுத்த முறை யாராவது கடிகாரத்தைக் காட்டினால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அதை எப்போது ஓடவிட்டீர்கள்?