எல்லையில் எழுந்த ஒளி



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்து நாம் பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். மறைக்கல்வி வகுப்பிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் கைப்பேசியை நம் முன் நீட்டி, "சாமி, இங்கிலாந்திலே ராணுவ முகாம் பக்கத்திலே வேற்றுக் கிரகத்து ஆளுங்க இறங்கினாங்களாம். பட்டாளத்துக்காரங்களே பார்த்தாங்களாம். நெசமா?" என்று வினவினான். "பட்டாளத்துக்காரங்களே" என்ற அந்தச் சொல்லில்தான் அவனுடைய நம்பிக்கை முழுவதும் தங்கியிருந்தது. விடுமுறையில் வந்திருந்த நமது பங்கின் இராணுவ வீரர் ஒருவர் அருகில் நின்றிருந்தார். அவர் சிரித்தார், அச்சிரிப்பில் சிறிது கசப்பும் கலந்திருந்தது. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

சிறுவன் காட்டியது ரெண்டில்ஷம் காட்டு நிகழ்ச்சி. அமெரிக்க விமானப் படையினர் தங்கியிருந்த வுட்பிரிட்ஜ் தளத்தில், 1980 டிசம்பர் 26 அதிகாலையில், காவலர் சிலர் காட்டுக்குள் விந்தையான ஒளியைக் கண்டனர். இரண்டு நாட்களுக்குப் பின் துணைத் தளபதி சார்லஸ் ஹால்ட் ஒலிப்பதிவுக் கருவியுடன் தாமே காட்டுக்குள் சென்றார். 1981 ஜனவரியில் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் குறிப்பும் அனுப்பினார். முதல் நாள் அதிகாலையில் தென் இங்கிலாந்தின் வானில் பெரிய எரிகல் ஒன்று விழுந்தது பலர் கண்ட செய்தி. காட்டுக்குள் விட்டுவிட்டுத் தெரிந்த ஒளியோ, ஐந்து விநாடிக்கொரு முறை மின்னும் ஆர்ஃபோர்டு நெஸ் கலங்கரை விளக்கம் இருந்த திசையிலேயே தெரிந்தது. ஹால்ட் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. கலங்கரை விளக்கமும் 2020-இல் இடிக்கப்பட்டுவிட்டது; கதை மட்டும் நிற்கிறது.

ஆயினும் சிறுவனுக்கு நாம் சொல்ல விரும்பியது அந்நிய நாட்டுக் கதையன்று. நம் நாட்டு வீரர்களுக்கே இத்தகைய ஒன்று நேர்ந்தது.

இலடாக்கில், சுமார் 14,000 அடி உயரத்தில், பாங்காங் ஏரி கிடக்கிறது. அதன் மேற்குப் பகுதி நம்மிடமும் எஞ்சிய பெரும்பகுதி சீனர் வசமும் உள்ளன. 2012 ஆகஸ்டு முதல், ஏரிக்கு அருகே தாக்குங் என்னுமிடத்தில் இருந்த இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படையினரும் இராணுவத்தினரும் மஞ்சள் நிறமான ஒளியுருண்டைகளைக் கண்டனர். அவை சீனப் பக்கத்து அடிவானிலிருந்து எழுந்து, சில மணி நேரம் மெல்ல ஊர்ந்து மறைந்தன. மலையுச்சிக்கு ராடார் கொண்டு செல்லப்பட்டது. அதில் ஒன்றும் அகப்படவில்லை. ஆளில்லா விமானத்தை ஏவிப் பார்த்தனர், அதுவும் எட்டவில்லை. வேற்றுலகத்தார் ஊர்தி என்று சிலரும் சீனரின் வேவு விமானம் என்று பலரும் பேசலாயினர். முதலில் வந்த செய்திகளில், இவை வான்கோள்கள் அல்ல என்றே எழுதப்பட்டிருந்தது.

2013 பிப்ரவரி வரையில் வீரர்கள் 329 முறை அவ்வொளியைப் பதிவு செய்தனர் என்றும், அவற்றுள் 155 முறை அது எல்லைக் கோட்டைக் கடந்து இப்பக்கம் வந்ததாகக் குறித்தனர் என்றும், அவ்வாண்டு ஜூலையில் கொல்கத்தாவின் டெலிகிராப் நாளேடு எழுதியது. அதனுடன் விடையும் வெளியாயிற்று. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரிடம் இராணுவம் உதவி கோரியிருந்தது. ஒளி எழும் நேரத்தையும் திசையையும், அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட அது நகரும் விதத்தையும் குறித்துப் பார்த்தபோது ஐயம் தீர்ந்தது. மாலையில் எழுந்தது வியாழன். விடியற்காலையில் எழுந்தது வெள்ளி. நம் பாட்டிமார் சாணம் தெளிக்க எழும்போது பார்த்த அதே விடிவெள்ளி.

கிழக்கே சீனர் வசமுள்ள நிலம். வானில் எழுவதெல்லாம் கிழக்கில்தான் எழும். எனவே ஒவ்வோர் இரவும் எல்லை தாண்டி வருவதுபோல் தோன்றிற்று. 2012 டிசம்பர் 3-ஆம் நாளையொட்டி வியாழன் சூரியனுக்கு நேரெதிரே நின்று, பொழுது சாயும் வேளையில் உதித்து, மிகுந்த ஒளியுடன் விளங்கியது. அப்போது அது நம்மிடமிருந்து ஏறத்தாழ 60 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ராடார் அதனை எவ்வாறு பிடிக்கும்? அவ்வாண்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டியிருந்தால், குரு ரிஷபத்தில் இருக்கிறார் என்று நம் அண்டை வீட்டு இந்து நண்பர் திண்ணையில் இருந்தபடியே கூறியிருப்பார். சோதிடத்துக்காக நாம் இதனைச் சொல்லவில்லை. கோளின் இருப்பிடத்தைக் கணிப்பதில் பஞ்சாங்கம் கெட்டிதான்.

செய்தி வெளியானதும் நாடே நகைத்தது. அந்நகைப்பு நமது ஊருக்கும் வந்து சேர்ந்தது. மேற்கூறிய வீரர் இலடாக்கில் பணியாற்றியவர். அவர் அங்கிருந்தது வேறோர் ஆண்டில், வேறோர் இடத்தில். எனினும் தேநீர்க் கடையில், "வெள்ளியைச் சுடப் போன பட்டாளம்" என்று அவரை அழைக்கத் தொடங்கியவர்கள் இன்றுவரை விடவில்லை. அவர் நம்மிடம் கூறியதாவது: "சாமி, அங்கே மூச்சு விடவே காத்துப் பத்தாது. சுத்திலும் ஒரு விளக்கு கிடையாது. நட்சத்திரம் கை நீட்டினா எட்டற மாதிரி இருக்கும். தெரியாத வெளிச்சத்தைப் பார்த்தா நேரம் போட்டு எழுதணும், அதுதான் உத்தரவு. எழுதாம விட்டாத்தானே தப்பு?"

நாமும் அவர் பக்கமே. அந்த 329 குறிப்புகளும் நாள், நேரத்தோடு எழுதப்பட்டிராவிட்டால் வானியலார் எதைக்கொண்டு கணக்கிட்டிருப்பர்? கண்டதைக் கண்டபடி எழுதியதில் பிழையில்லை. எழுதப்பட்டது உரியவரிடம் சென்று சேரத்தான் நாளாயிற்று. அது விளையாட்டான இடமுமன்று. 2013 ஏப்ரலில் அதே இலடாக்கின் தெப்சாங் சமவெளியில் சீனர் கூடாரமடித்து மூன்று வாரம் அமர்ந்தனர். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர் 20 பேர் உயிர் துறந்தனர். அவர்களுள் ஒருவர் நமது இராமநாதபுரம் மாவட்டத்தவர். அத்தகைய எல்லையில் அரையாண்டுக் காலம் இரவுதோறும் ஓர் ஒளியை ஐயத்தோடு நோக்கியிருந்தும், ஒருவரும் பதறிப்போய் விபரீதம் விளைவிக்கவில்லை. தேநீர்க் கடையில் இதனைப் பேசுவாரில்லை.

நகைப்போருக்கு நமது அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், பென்னாகரத்துக்கு அப்பால் ஒரு முதியவருக்கு நோயில்பூசுதல் அளித்துவிட்டு, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். மரங்களுக்கிடையே வெண்மையான ஓர் ஒளி நம்முடன் கூடவே வந்தது. நாம் விரைந்தால் அதுவும் விரைந்தது, நின்றால் நின்றது. குருமடத்தில் தத்துவம் பயின்ற மூளை அவ்வேளையில் உதவவில்லை. செபமாலையைத்தான் கை தேடிற்று. தருமபுரி நெருங்கி வெளிச்சம் வந்த பிறகே, அது விடிவெள்ளி என்று விளங்கியது. தொலைவிலுள்ள பொருள் நாம் எவ்வளவு தூரம் ஓடினாலும் திசை மாறாது. அதனால் தொடர்வதுபோல் தோன்றும். பாடமாகப் படித்ததுதான்!

"அப்படியானால் வேற்றுலகத்தில் யாருமே இல்லையா, சாமி?" என்று சிறுவன் விடாமல் கேட்டான். வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநராயிருந்த இயேசு சபைக் குரு ஹோசே கபிரியேல் ஃபூனெஸ், பிற உலகங்களில் உயிர்கள் இருக்கக்கூடும் என எண்ணுவது நமது விசுவாசத்துக்கு முரணாகாது என்று 2008-இல் கூறியதை அவனுக்குச் சொன்னோம். இருக்கலாம், இதுவரை எவரும் காணவில்லை. அவன் முகம் சற்று வாடியது.

இராணுவத்துக்கு விடை கூறிய அதே நிறுவனத்தின் தொலைநோக்கி நிலையம் நமக்கு வெகு தொலைவில் இல்லை. திருப்பத்தூரைக் கடந்து சவ்வாது மலையேறினால் காவலூர். அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. பெங்களூரில் இறையியல் பயின்ற நாளில் நாம் அங்குச் சென்று, ஒரு சிறிய தொலைநோக்கி வழியாக வியாழனையும் அதனருகே ஊசி முனைபோல் நின்ற நான்கு நிலவுகளையும் கண்டோம். மறைக்கல்வி மாணவரை அழைத்து வர அனுமதி கேட்டு இப்போது எழுதியுள்ளோம். தம் விடுமுறை முடியுமுன் அமையுமானால் தாமும் வருவதாக அந்த வீரர் கூறியுள்ளார். தேநீர்க் கடைக்காரருக்கும் வேனில் ஓர் இடம் வைத்திருக்கிறோம்.