உலகத்துக்கே ஒரே விலையா? அப்போ உலகத்துக்கே ஒரே கூலியைக் கொடு!



வீடியோ கேம் விலையைப் பத்தி ஒரு அரசியல் கட்சி ஏன் பேசணும்னு சிலர் கேட்பாங்க. விலை எங்கே இருக்கோ அங்கே அரசியல் இருக்கு. கணக்கைப் பாருங்க, புரியும்.

பிளேஸ்டேஷன் 5. 2024-ல் அமெரிக்காவில் 499 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 41,600 ரூபாய். அதே பெட்டி இந்தியாவில் 54,990 ரூபாய்.

இன்னொரு தடவை படிங்க. பணக்கார நாட்டில் விலை கம்மி, ஏழை நாட்டில் விலை ஜாஸ்தி! அமெரிக்கக் கடையில் தனியாகப் போடும் விற்பனை வரியைச் சேர்த்தாலும் நம்ம ஊர் விலைதான் கூட.

இப்போ கூலிக்கு வருவோம். அமெரிக்க ஒன்றிய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-க்குப் பிறகு ஒரு சென்ட் கூட ஏறாத கூலி அது. "இது பத்தாது" என்று அந்த நாட்டுத் தொழிலாளர்களே தெருவில் இறங்கிப் போராடிய கூலி. அந்த அடிமட்டக் கூலியிலும், நாளுக்கு 8 மணி நேரம் உழைத்தால் 9 நாளில் அந்த 499 டாலர் வந்துவிடும்.

தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2024-25-ல் நிர்ணயித்த நாள் கூலி 319 ரூபாய். அதே பெட்டிக்கு 172 நாள் மண் வெட்டணும். ஆனால் அப்போது வருஷத்துக்குக் கிடைத்ததே 100 நாள்தானே! சாப்பிடாமல், பஸ் ஏறாமல், மருந்து வாங்காமல் மொத்தக் கூலியையும் சேர்த்து வைத்தாலும் 31,900. இன்னும் 23,090 ரூபாய் துண்டு விழும்.

அங்கே 9 நாள். இங்கே 172 நாள். என்னங்க நியாயம் இது?

"நூறு நாள் வேலைக்குப் போறவங்களுக்கு எதுக்கு பிளேஸ்டேஷன்?"

இப்படிச் சிரிக்கிறவர்களை நமக்கு நல்லாத் தெரியும். 2006-ல் "கஞ்சிக்கே வழியில்லாதவனுக்கு கலர் டிவியா?" என்று சிரித்தவர்கள் இவர்கள்தான். 2011-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு லேப்டாப் கொடுத்தபோது "படம் பார்க்கத்தான் ஆகும்" என்று சொன்னவர்களும் இவர்கள்தான். எந்த ஆட்சி கொடுத்தது என்பதை விடுங்க. அந்த லேப்டாப்பில் படித்த பிள்ளைகள் இன்று எங்கெங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று உங்க தெருவிலேயே விசாரிச்சுப் பாருங்க.

வீடியோ கேம் இன்று சினிமா மாதிரி, புத்தகம் மாதிரி ஒரு கலை. பெரும் தொழிலும்கூட. கதை எழுதுறவர், படம் வரையிறவர், இசையமைக்கிறவர், நிரல் எழுதுறவர் என்று பல பேருக்குச் சோறு போடுது. நல்ல கேமை ஆடியே பார்க்காத பிள்ளை நாளைக்கு எப்படி நல்ல கேமை உருவாக்கும்? படமே பார்க்காதவன் டைரக்டர் ஆக முடியுமா?

சரி, பெட்டியை விடுங்க. கேமுக்கு வருவோம்.

பெட்டியில் சிப் இருக்கு, பிளாஸ்டிக் இருக்கு, கப்பல் கூலி இருக்கு. சாக்குச் சொல்லலாம். டவுன்லோடு பண்ணுற கேமில் என்ன இருக்கு? மதுரையில் ஒரு பையன் கூடுதலாக ஒரு காப்பி வாங்கினால் கம்பெனிக்கு ஆகும் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனா விலை?

2024-ல் பிளேஸ்டேஷன் 5-இன் பெரிய கேம் அமெரிக்காவில் 70 டாலர், அதாவது அன்று 5,800 ரூபாய். இந்தியாவில் 4,999. "பார்த்தீங்களா, உங்களுக்காகக் குறைச்சுட்டோம்" என்பார்கள். எவ்வளவு? 800 ரூபாய்!

அந்த நாட்டு அடிமட்டக் கூலியில் 15-ல் 1 பங்குதான் அப்போது நம்ம நூறு நாள் கூலி. ஆனால் விலை மட்டும் 7-ல் 6 பங்கு. அங்கே ஒன்றேகால் நாள் கூலிக்கு ஒரு கேம். இங்கே 16 நாள் கூலிக்கு ஒரு கேம். இதுக்குப் பேர் சலுகையா?

"கேம் உருவாக்க நூற்றுக்கணக்கான கோடி செலவாகுது, தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாமா?" கட்டாயம் கொடுக்கணும். ஓசியில் யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தச் செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. 4,999 விலை வைத்து நூறு பேருக்கு விற்பதா, 1,000 விலை வைத்து ஆயிரம் பேருக்கு விற்பதா? எதில் காசு கூட வரும் என்று தெருமுனைப் பெட்டிக்கடை அண்ணாச்சியைக் கேளுங்க. ஷாம்பூவை ஒரு ரூபாய் பாக்கெட்டில் விற்றுத்தான் இந்த நாட்டில் சந்தையையே பிடித்தார்கள்.

இது கேம் உலகத்துக்கும் தெரிந்த பாடம்தான். ரஷ்யா திருட்டு காப்பி நாடு, அங்கே யாரும் காசு கொடுக்க மாட்டார்கள் என்று எல்லோரும் ஒதுக்கியபோது ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் உள்ளே போனது. ஜெர்மனிக்கு அடுத்தபடியாக ஐரோப்பியக் கண்டத்தில் ரஷ்யாதான் தங்களுக்குப் பெரிய சந்தை என்று 2011-ல் அதன் தலைவர் கேப் நியூவெல் சொன்னார். திருட்டு காப்பிக்குப் பெரும்பாலும் காரணம் சேவைக் குறைபாடுதான் என்பது அவர் வாதம். 2015-ல் அதே ஸ்டீம் இந்திய ரூபாயில் விலை போட ஆரம்பித்தது. ரிச்சி ஸ்ட்ரீட் சிடியில் வளர்ந்த ஒரு தலைமுறை அதற்குப் பிறகு காசு கொடுத்து கேம் வாங்கியது. நியாயமான விலை வைத்தால் நம்ம ஆள் திருட மாட்டான். வாங்குவான்.

ஆனால் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கும் கதையும் இருக்கு தோழர்களே.

துருக்கியிலும் அர்ஜென்டினாவிலும் சொந்தப் பணத்தில், அந்த மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கேம் கிடைத்துக்கொண்டிருந்தது. என்ன நடந்தது? வசதியான நாட்டில் இருந்தவர்கள் விபிஎன் போட்டு, "நான் அர்ஜென்டினாக்காரன்" என்று பொய் சொல்லி ஏழைக்கான விலையில் வாங்கினார்கள். ரேஷன் கடை வரிசையில் கார்க்காரன் வந்து நின்ன கதைதான்! நாட்டை மாற்றினால் 3 மாதத்துக்குத் திரும்ப மாற்ற முடியாது என்று 2021-ல் தடுப்பு போட்டார்கள். கடைசியில் 2023 நவம்பர் 20 அன்று லிராவையும் பெசோவையும் ஸ்டீமில் இருந்தே தூக்கிவிட்டு டாலரைக் கொண்டு வந்தார்கள். நாணய மதிப்பு நிலையாக இல்லை, விலை வைக்க முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

மதிப்பு நிலையாக இல்லை, உண்மைதான். அந்தச் சுமையை யார் தலையில் வைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

துருக்கியில் அப்போது குறைந்தபட்ச மாதச் சம்பளம் 11,402 லிரா. 60 டாலர் கேம் ஒன்று சுமார் 1,700 லிரா. மாதச் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு!

அர்ஜென்டினா இன்னும் கொடுமை. டாலர் விலை வந்து மூணே வாரத்தில், டிசம்பரில், புதிய அரசு பெசோவின் அதிகாரபூர்வ மதிப்பை 366-இலிருந்து 800-க்கு இறக்கியது. 22,000 பெசோவாக இருந்த 60 டாலர் கேம் ஒரே ராத்திரியில் 48,000 பெசோ. வெளிநாட்டுக் கொள்முதல் வரி தனி. அந்தத் தொழிலாளியின் சம்பளம் அந்த ராத்திரியில் ஏறியதா? பொய் சொல்லி வாங்கினவன் தப்பிச்சுட்டான். தண்டனை உள்ளூர்க்காரனுக்கு.

நம் உறவுகள் வாழும் இலங்கையைப் பாருங்க. அங்கே ஸ்டீமில் இலங்கை ரூபாயே கிடையாது, டாலர்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 200 ரூபாய். மே மாதத்தில் 360. பத்து டாலர் கேம் 2,000-இலிருந்து 3,600. பெட்ரோலுக்கும் பால் மாவுக்கும் வரிசையில் நின்ற நாடு அது. அங்கே கேமை யார் நினைத்தார்கள் என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் 15 வயதுதான் ஐயா. கரண்ட் இருந்த கொஞ்ச நேரத்தில் அதுவும் விளையாடத்தான் ஆசைப்பட்டிருக்கும்.

2024 மே மாதம் நடந்தது அதைவிட மோசம். 'ஹெல்டைவர்ஸ் 2' ஆட பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்தது. அந்தக் கணக்கு வசதியே இல்லாத 170-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் கேம் விற்பனையில் இருந்து நீக்கப்பட்டது. இலங்கையும் அதில் ஒன்று. உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் கொதித்த பிறகு கட்டாயத்தைக் கைவிட்டார்கள். ஆனால் அந்த நாடுகளுக்கு விற்பனையை உடனே திறக்கவில்லை. காசு வைத்திருந்தாலும் விற்க மாட்டேன் என்பதை என்னவென்று சொல்வது?

கம்பெனிகளைத் திட்டிவிட்டு நம்ம ஒன்றிய அரசை விட்டுவிட முடியுமா? முடியாது!

2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது வீடியோ கேம் கன்சோலை 28 சதவீத அடுக்கில் வைத்தார்கள். சிகரெட், சொகுசு கார் இருந்த அடுக்கு. 2018 பட்ஜெட்டில் இறக்குமதிச் சுங்க வரியை 10-இலிருந்து 20 சதவீதமாக்கினார்கள். 100 ரூபாய்க்கு வந்து இறங்கிய பெட்டிக்கு அந்த ஆண்டு இந்த இரண்டு வரியும் சேர்ந்தே 53 ரூபாய் 60 காசு. மற்ற செஸ் எல்லாம் அதுக்கு மேல.

மொபைலுக்கு 18 சதவீதம். லேப்டாப்புக்கு 18 சதவீதம். உள்ளே இருப்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே சாமான். கன்சோலை 28-இலிருந்து அந்த 18-க்கு இறக்க 2019 வரை ஏன் ஆனது?

இன்னொரு வேடிக்கை. 2023 அக்டோபரில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சூதாட்டத்துக்கும் 28 சதவீதம் போட்டார்கள். குடும்பங்களைத் தெருவில் நிறுத்திய ரம்மிக்குப் போட்ட அதே 28 சதவீதத்தைத்தான் பிள்ளை ஆடும் கால்பந்து கேமுக்கான பெட்டிக்கும் 2017-ல் போட்டிருந்தார்கள்! ரம்மி வேற, கேம் வேற. இது தெரியாமலா வரி போட்டீங்க?

இதே அரசுதான் 2022 பட்ஜெட்டில் அனிமேஷன், கேமிங் துறையை வளர்க்கப் பணிக்குழு அமைப்போம், இளைஞர்களுக்கு வேலை வரும் என்று அறிவித்தது. ஏரில் மாட்டைப் பூட்டிவிட்டு வாயையும் கட்டுவதா?

பிரேசில் மக்கள் இதே கொடுமையை அனுபவித்தவர்கள். 2013-ல் அமெரிக்காவில் 399 டாலருக்கு விற்ற பிளேஸ்டேஷன் 4 அங்கே 3,999 ரெயால். அன்றைய மதிப்பில் 1,700 டாலருக்கும் மேல்! காரணம் வரிதான் என்றது சோனி. வரியைக் காரணம் காட்டி 2015-ல் நிண்டெண்டோ அங்கே விநியோகத்தையே நிறுத்தியது. அதே ஆண்டு சோனி பிரேசிலிலேயே தயாரிக்கத் தொடங்க, விலை 2,599-க்கு இறங்கியது. 2019-இலிருந்து அந்த அரசு கேம் வரியைப் படிப்படியாகக் குறைத்தது. 2024 மே மாதம் கேம் துறைக்கென்றே தனிச் சட்டம் கொண்டு வந்தது. பிரேசிலால் முடியும், நம்மால் முடியாதா?

"போனில்தான் இலவச கேம் கொட்டிக் கிடக்கே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது இலவசம் இல்லை. நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம். துப்பாக்கிக்குப் பெயின்ட் அடிக்கக் காசு, உடைக்குக் காசு, அதிர்ஷ்டப் பெட்டியைத் திறக்கக் காசு. பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருமுறை காசு கொடுத்து முழுக் கதையை நிம்மதியாக ஆடுது. ஏழை வீட்டுப் பிள்ளை அம்மாவின் ஜிபேயில் இருந்து தெரியாமல் 79 ரூபாய், 159 ரூபாய் என்று போட்டு அடி வாங்குது. விளையாட்டிலும் இரண்டு டம்ளர் முறையா?

நம் கோரிக்கைகள் தெளிவானவை:

1. வரப்போகும் பட்ஜெட்டில் கன்சோல் மீதான சுங்க வரியைப் பழையபடி 10 சதவீதமாக்கு.

2. இங்கே கடை விரிக்கும் கேம் நிறுவனங்கள் ரூபாயில், இந்த நாட்டுக் கூலியைப் பார்த்து விலை வைக்க வேண்டும். டாலரை ரூபாயாகப் பெருக்கிப் போடுவதற்குப் பெயர் விலை நிர்ணயம் இல்லை. ஒன்றிய நுகர்வோர் துறை அவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

3. பின்லாந்தின் பொது நூலகங்களில் புத்தகம் போலவே வீடியோ கேமையும் இரவல் கொடுக்கிறார்கள். நம் மாவட்ட நூலகங்களிலும் கேம் பிரிவு வேண்டும். வாங்க முடியாத பிள்ளையும் ஆடட்டும்.

4. அரசுக் கலைக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கேம் உருவாக்கும் ஆய்வகம் வேண்டும். அடுத்த பெரிய கேம் திருவாரூரில் இருந்தும் வரலாம்.

தம்பி தங்கைகளே, "கேமுக்கெல்லாம் அரசியலா?" என்று யாராவது கேட்டால் 172, 9 என்ற இரண்டு எண்ணை மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை அவர்களே யோசிப்பார்கள்.

வாங்க முடியாமல் விட்ட ஒரு கேமின் பெயரை கமென்ட்டில் எழுதுங்க. நண்பர்களுக்குப் பகிருங்க. பட்ஜெட்டுக்கு முன்னால் இந்தக் குரல் டெல்லி வரை கேட்கணும்.

கூலிக்கேற்ற விலை வேண்டும்!
விளையாட்டு எல்லோருக்கும் வேண்டும்!

#கூலிக்கேற்றவிலை #கேம்வரியைக்குறை #172நாள்

– சமூக ஊடகப் பிரிவு