விடியற்காலைக் கச்சேரி

பங்குனி, சித்திரை மாதங்களில் வாசலில் கோலம் போட வரும்போது, சற்றுக் காதுகொடுத்துக் கேளுங்கள். மரத்தின் உச்சாணிக் கிளையிலிருந்தோ, எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்தோ இனிமையான சீழ்க்கை வரும். குயிலைப் போல் ஒரே கூவலைத் திருப்பித் திருப்பிச் சொல்லாது. கைதேர்ந்த வித்வானைப் போலச் சங்கதிகளை மாற்றி மாற்றிப் போடும். இந்தப் பாடகர்தான் குண்டுக்கரிச்சான். வண்ணாத்திக் குருவி என்றும் சொல்வார்கள்.

அடையாளம் சுலபம். உடல் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. ஆணுக்குத் தலையும் முதுகும் மார்பும் பளபளக்கும் கறுப்பு. வயிறும் இறக்கைக் கோடும் வெள்ளை. பெண்ணுக்குக் கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறம். வாலை மிடுக்காக நிமிர்த்தி வைத்துக்கொள்ளும்.

இதற்குக் கோத்திரம் நிர்ணயிப்பதற்குள் விஞ்ஞானிகள் திண்டாடிவிட்டார்கள்! 1758-ல் லின்னேயஸ் இதை மைனாவோடு சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் பூங்குருவிக் குடும்பத்தில் வைத்தார்கள். மரபணுவைச் சோதித்துப் பார்த்த பிறகு, ஈப்பிடிப்பான் குடும்பமே இதன் சொந்த வீடு என்று முடிவாயிற்று. காப்சைக்கஸ் சாலாரிஸ் என்பது விஞ்ஞானப் பெயர்.

குடியிருக்க அடர்ந்த காடு வேண்டுமென்பதில்லை. தோட்டம், தோப்பு, வீட்டுக் கொல்லை எதுவானாலும் சம்மதமே. மரப்பொந்தோ சுவர் ஓட்டையோ கிடைத்தால் குடித்தனம் தொடங்கிவிடும். கூடு கட்டுவதும் அடைகாப்பதும் பெண்ணின் வேலை. ஆண் எல்லையைக் காவல் காக்கும், நாம் ரசிக்கும் பாட்டுக்கூட, "இது என் இடம், யாரும் வராதே!" என்ற எச்சரிக்கைதான். குஞ்சுகளுக்கு இருவருமே புழு பூச்சிகளைக் கொண்டுவந்து ஊட்டுவார்கள்.

இந்தியா முதல் தென்கிழக்கு ஆசியா வரை பரவியுள்ள இப்பறவை, வங்காளதேசத்தின் தேசியப் பறவையும்கூட. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில், அழியும் அபாயம் குறைந்த இனமாகவே இருக்கிறது. அப்படியானால் கவலையே இல்லையா? சிங்கப்பூரின் கதையைக் கேளுங்கள். ஒரு காலத்தில் அங்கே சர்வ சாதாரணமாகத் திரிந்த பறவை இது. கூண்டில் வளர்க்கப் பிடித்துக்கொண்டே போனார்கள், மரங்களும் குறைந்தன. அநேகமாக மறைந்தேபோய், 1980-களில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடவேண்டியதாயிற்று. ஜாவாத் தீவிலோ, கூண்டுகளில் ஏராளம். வெளியே காண்பது அரிது. குரல் இனிமையே அதற்கு வினையாயிற்று!

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்குக் காவல். ஆனால் பட்ட மரத்தை வெட்டிச் சாய்க்கும்போதும், கொல்லையெல்லாம் சிமெண்டு பூசும்போதும், செடிக்குப் பூச்சிமருந்து தெளிக்கும்போதும் சட்டம் நம் வீட்டுக்குள் வந்து நிற்குமா?

ஆகவே, சகோதரிகளே, கோடையில் மரக்கிளையைக் கழிக்க ஆள் வந்தால், பொந்தில் கூடு இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், குஞ்சுகள் பறக்கும்வரை அந்தக் கிளையை விட்டுவையுங்கள். சில வாரப் பொறுமைதான். டிக்கெட் இல்லாத கச்சேரிக்கு அதைவிட மலிவான சம்பாவனை உண்டா?