யுத்தம் வந்துதான் தெரியவேண்டுமா?

பெண்களால் விவசாயம் செய்ய முடியுமா என்று தெரிந்துகொள்ள இங்கிலாந்து தேசத்தாருக்கு இரண்டு உலக யுத்தங்கள் வேண்டியிருந்தன. ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டபடியால், 1917-லும் மறுபடி 1939-லும் "பெண்கள் நிலப்படை" என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். பட்டணத்துக் கடைகளிலும் ஆலைகளிலும் இருந்த பெண்கள் கால்சட்டை மாட்டிக்கொண்டு பால் கறந்தார்கள், டிராக்டர் ஓட்டினார்கள், மரம் வெட்டினார்கள். இரண்டாவது யுத்தத்தின் உச்சத்தில் 80,000 பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை, பயிர்தான் விளைந்தது.

இதைப் படித்து ஆச்சரியப்படும் தோழர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கத்தீவிலும், திருச்சியைச் சுற்றியுள்ள நஞ்சைகளிலும், யுத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாற்று நடுபவர் யார்? களையெடுப்பவர் யார்? 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமாகி அந்நாட்டு அரிசி வரத்து நின்றபோது, சென்னை மாகாணம் உள்ளூர் நெல்லையே நம்ப வேண்டியதாயிற்று. அந்த நெல்லை நட்டதும் களையெடுத்துக் காத்ததும் பெண்மக்கள்தான். அவர்களுக்கு உடுப்பில்லை, படையென்ற பேரில்லை. ஏனென்றால் அங்கே அது தேச சேவை. இங்கே வெறும் பொம்பளை வேலை!

"பெண் ஏரைத் தொடலாகாது" என்று ஒரு சாஸ்திரம் பேசுகிறார்கள். நாள் முழுதும் சேற்றில் இடுப்பொடியக் குனிந்து நடுவது லேசான வேலையாம். மாட்டின் பின்னால் நடப்பது, இப்போதோ டிராக்டரில் உட்கார்ந்து ஓட்டுவது, கடின வேலையாம். ஆகவே அதற்கொரு கூலி, இதற்கொரு கூலி. ஏர் பெண் தொட்டதால் தீட்டாகிறதா, அல்லது கூலி உயர்ந்துவிடும் என்ற பயமா? பகுத்தறிவுள்ளவர்கள் யோசிக்கட்டும்.

இங்கிலாந்துக்காரர் மாத்திரம் யோக்கியமாக நடந்தார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. யுத்த ஆரம்பத்தில் ஆணுக்கு வாரம் 38 ஷில்லிங் கூலியிருக்க, நிலப்படைப் பெண்ணுக்கு 28 ஷில்லிங்தான். யுத்தம் முடியும் தறுவாயில் மற்றவர்களுக்குத் தருவதான சன்மானத்தொகை இவர்களுக்கில்லை என்று சர்க்கார் சொல்லவே, தலைவியாயிருந்த டென்மன் சீமாட்டி 1945-ல் ராஜினாமா செய்தார். உயிரோடிருந்த கிழவிகளுக்கு ஒரு பதக்கம் 2008-ல்தான் கிடைத்தது. வேலை வாங்கும்போது புகழ்ச்சி, கணக்குத் தீர்க்கும்போது மறதி. இது எல்லாத் தேசத்து ஆண்களுக்கும் பொதுவான குணம்.

ஆகையால் பெண்களுக்கு வேண்டியது புகழ்ச்சியல்ல, பாத்தியம். 1929-ல் செங்கல்பட்டு மாநாடு பெண்களுக்குச் சமசொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 60 வருஷமாயிற்று. 1989-ன் அச்சட்டமும் ஏற்கனவே கலியாணமான பெண்களை விலக்கிற்று. 2005-ல்தான் பிதுரார்ஜிதச் சொத்தில் மகளுக்கு மகனோடு சமபங்கென்று இந்திய சர்க்கார் சட்டம் செய்தது. சமவேலைக்குச் சமகூலி என்பதோ 1976-லேயே சட்டமாகிவிட்டது.

பலன் என்ன? 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் சாகுபடிப் பண்ணைகளில் பெண்கள் நடத்துவதாகக் கணக்கில் ஏறியவை நூற்றுக்குச் சுமார் 14. வருஷத்துக்கு 6,000 ரூபாய் என்று 2019-ல் தொடங்கிய விவசாயி உதவிப்பணமும், நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் குடும்பத்துக்கென்றே வகுக்கப்பட்டது. அப்படியானால் சேற்றில் நிற்பவள் விவசாயியல்ல. பட்டாவில் நிற்பவனே விவசாயி!

சட்டம் செய்தது சர்க்கார். அதைக் கெடுப்பது நம் வீடு. சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸுக்கு அக்காள் தங்கைகளை அழைத்துப்போய்க் கையெழுத்து வாங்குகிறோமே, அதற்குப் பேர் "விடுதலைப் பத்திரம்"! யாருக்கு யாரிடமிருந்து விடுதலை?

தோழர்களே! மேடையில் கைதட்டுவது சுலபம். உங்கள் வயலில் நாளைக்கு நடவென்றால் கூலியில் பேதம் வைக்காதீர்கள். பாகம் பிரிக்கும்போது சகோதரியின் பங்கை அவள் பேரில் எழுதுங்கள். மனைவி பேரையும் பட்டாவில் சேருங்கள். இதற்கு எந்த யுத்தமும் வரவேண்டியதில்லை.