திரை கறுத்தால் வன்தட்டையா அழிப்பது?

மேம்படுத்தியபின் லினக்ஸ் கணனியின் முகப்புத்திரை எழவில்லை என்றால், 'போமட் செய்யுங்கள்' என்கிறார்கள். பூட்டு இறுகியதற்காக வீட்டையே இடிக்கச் சொல்லும் ஆலோசனை இது. வரைகலைச் சூழல் எழாவிட்டாலும் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 விசைகளை ஒருசேர அழுத்தி எழுத்துத்திரைக்குச் செல்லுங்கள். வன்தட்டில் இடமிருக்கிறதா என முதலிற் பாருங்கள். பின்னர் புதிய பயனர் கணக்கொன்றைத் தொடங்கி நுழையுங்கள். அங்கே திரை எழுந்தால், குற்றவாளி உங்கள் பழைய அமைப்புக் கோப்புகளே. அவற்றின் பெயரை மாற்றி ஒதுக்கி வையுங்கள்.

2024 பெப்ரவரியில் வந்த கேடீஈ பிளாஸ்மா 6, வேலண்டை இயல்பிருப்பாக்கியது. எக்ஸ்11 அமர்வும் தெரிவாக எஞ்சியிருந்தது. இத்தகைய மாற்றுவழியை அறியாமல் வன்தட்டை அழிப்பது பரிகாரமன்று, சோம்பல். பத்தாண்டு எழுத்தை இழந்தவருக்கு எந்தப் புதிய பதிப்பு ஈடுசெய்யும்?