ஒரே கிணறு, வெவ்வேறு உடல்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சில ஊர்களில், எவ்வளவு துலக்கினாலும் போகாத பழுப்புக் கறையோடு பலரின் பற்கள் இருக்கும். பரம்பரைக் குறை என்று சிலர் நினைக்கிறார்கள். காரணம் குடிநீரில் இருக்கிறது.

அங்கே நிலத்தடியில் இருப்பது கடினப் பாறை. அந்தப் பாறைக் கனிமங்களில் புளோரைடு என்ற இயற்கைப் பொருள் உண்டு. விரிசல்களில் நீர் நெடுங்காலம் தேங்கும்போது அது மெல்லக் கரைகிறது. நீரில் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, குறைந்திருந்தால் இன்னும் கூடுதலாகக் கரையும். நிறமோ மணமோ அதைக் காட்டிக்கொடுக்காது. காய்ச்சினாலும் போகாது, நீர் ஆவியாவதால் அதன் அடர்த்திதான் கூடும்.

உடலுக்குள் போனபின் என்ன நடக்கிறது? எலும்பும், பல்லின் மேற்பூச்சான எனாமலும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்களைக் கொண்டவை. புளோரைடு அந்தப் படிகத்துக்குள் இடம் பிடிக்கிறது. சிறிதளவு இருந்தால் சொத்தையைத் தடுக்கும். அளவு மிஞ்சினால், வளர்ந்துகொண்டிருக்கும் எனாமல் நுண்துளைகளோடு நின்றுவிடும். கறை அங்கேதான் ஏறுகிறது. எனாமல் உருவாவது பெரும்பாலும் 8 வயதுக்குள். அதனால், நல்ல தண்ணீர் உள்ள ஊரில் வளர்ந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வரும் பெண்ணின் பற்களில் இந்தக் கறை விழாது. அதே வீட்டில் அவள் வளர்க்கும் பிள்ளைக்கு விழலாம். எலும்பின் கதை வேறு. அது வாழ்நாள் முழுவதும் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதால், புளோரைடு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து மூட்டுகளை இறுக்கும். முற்றினால் முதுகெலும்பு வளையும்.

உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை வரம்பாகச் சொல்கிறது. அதை மட்டும் பார்த்தால் போதாது. அதே அளவுள்ள நீரில் நாளுக்கு 2 லிட்டர் குடிப்பவருக்கு 3 மில்லிகிராம் சேரும். வெயிலில் வேலை செய்து 5 லிட்டர் குடிப்பவருக்கு 7.5 மில்லிகிராம். உணவில் கால்சியம் போதுமானதாக இருந்தால், அது குடலிலேயே புளோரைடின் ஒரு பகுதியைப் பிடித்து வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவர் உடலில் அதிகம் தங்கும். ஒரே கிணற்று நீர் ஒருவரை முடக்கி, பக்கத்து வீட்டுக்காரரை விட்டுவைப்பது இப்படித்தான்.

இந்த மாவட்டங்களுக்காகவே தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 முதல் காவிரி நீரைத் தருகிறது. பாதிப்பின் வேரைத் தொடும் வழி அதுவே. ஆனால் குழாய் வறளும் நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் குடிக்க வேண்டியிருக்கும். எனவே அங்கன்வாடி, தொடக்கப்பள்ளிகளின் ஆழ்துளைக் கிணறுகளை முதலில் சோதிக்கலாம் என்பது என் கருத்து. எனாமல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அங்கேதான் தண்ணீர் குடிக்கிறார்கள்.