மிளகாய்ப் பணம் பத்திரம்: ஈமு தந்த பாடம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் முண்டு மிளகாய் விற்றதும் மொத்தமாகப் பணம் கைக்கு வரும். அந்த நேரத்தில் 'முதல் போடுங்கள், நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று யாராவது வந்தால், விவசாயிகள் ஈமுவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெருந்துறையில் இயங்கிய சுசி ஈமு நிறுவனத்தில் ரூ.1.5 லட்சம் கட்டினால் 6 குஞ்சுகள், தீவனம், மாதம் ரூ.6,000, ஆண்டு போனஸ் ரூ.20,000. அதாவது ஆண்டுக்கு ரூ.92,000, முதலில் 61 சதவீதம். ஆனால் ஈமு இறைச்சிக்குப் பெரிய சந்தையே இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களின் பணமே பழையவர்களுக்குப் போனது. 2012 ஆகஸ்டில் நிறுவனம் முடங்கியது. பட்டினி கிடந்த பறவைகளுக்குக் கால்நடை பராமரிப்புத் துறை தீவனம் போட வேண்டியதாயிற்று.

விவரம் தெரிந்தவர்களும் ஏன் ஏமாந்தார்கள்?

• பக்கத்து வீட்டுக்காரருக்குப் பணம் வந்ததைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். மோசடித் திட்டத்திலும் முதல் சில மாதங்கள் பணம் ஒழுங்காகவே வரும்.
• நடிகர்கள் வந்த விளம்பரத்தை உத்தரவாதமாக நினைத்தார்கள்.
• போட்ட பணத்தை விட மனமில்லாமல், சந்தேகம் வந்த பிறகும் காத்திருந்தார்கள்.

பணம் கட்டும் முன் ஒரே கேள்வி: விளைபொருளை நிறுவனத்தைத் தவிர வேறு யார் வாங்குவார்கள்? பதில் இல்லையென்றால் விலகுங்கள். ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைச் சரிபாருங்கள். ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசில் புகார் கொடுங்கள். முதலீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாட்டில் 1997 முதலே தனிச் சட்டம் உள்ளது.